மெயில் போடட்டுமா என்று கேட்டபோது

"சார், லொரியான் காப்பகத்துக்கு இப்பவே ஒரு மெயில் போட்டுடட்டுமா?"

"இப்ப வேண்டாம்மா. கோத் எண் கையில இல்லாம எழுதினா அவங்க என்ன பதில் சொல்வாங்க? முதல்ல பட்டியலைப் பாருங்க."

கோத் என்றால் காப்பகத்தில் ஒவ்வொரு கட்டுக்கும் உள்ள அடையாள எண். நான் சொன்ன அந்த 'வேண்டாம்' இன்னும் உறுத்துகிறது.

ஆய்வுக்காக அங்கே போகவிருந்த என் மாணவி எழுதி வைத்திருந்த மெயில் எனக்குப் பிடிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் லொரியான் என்ற பிரெஞ்சுத் துறைமுக நகரில் இருந்த இந்தியர்களைப் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது என்று ஒரே கேள்வி. பிரெஞ்சுக் காப்பகத்தார் வழி காட்டுவார்கள். நமக்காக உட்கார்ந்து தேடித் தர மாட்டார்கள். இப்படி அகலமாகக் கேட்டால் 'இணையத்தில் உள்ள விவரப்பட்டியலைப் பாருங்கள்' என்றுதான் பதில் வரும். அதனால் தடுத்தேன். காரணத்தில் தவறில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் மெயிலைத் திருத்திக் கொடுப்பது வேறு, அனுப்பாதே என்பது வேறு.

அவர் பட்டியலை ஒழுங்காகவே பார்த்தார். நகரக் காப்பகங்களில் 1790க்கு முந்தைய ஆவணங்களுக்கு இரட்டை எழுத்து: பிபி என்றால் நகர நிர்வாகத் தீர்மானங்கள், சிசி வரியும் கணக்கும், எஃப்எஃப் நீதியும் காவலும், ஜிஜியில் பங்குக் கோயில் பதிவேடுகள். 1790க்குப் பிறகு ஒற்றை எழுத்து: 1டி நகர மன்றத் தீர்மானங்கள், இ பிறப்பு இறப்பு திருமணப் பதிவு. அவர் ஜிஜி, சிசி எண்களைக் குறித்துக்கொண்டு வந்தார். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் போய் இறங்கியவர்களுக்கு ஞானஸ்நானமோ அடக்கமோ அங்கே பதிவாகியிருக்கும் என்பது கணக்கு. நியாயமான கணக்குதான்.

பயணத்துக்கான நாள் கணக்கையும் கவனமாகவே போட்டோம். 2024 மே மாதம். 8 புதன் போர் வெற்றி நாள், 9 வியாழன் ஆண்டவரின் விண்ணேற்றம், 10 வெள்ளியைப் 'பாலம்' என்று சேர்த்து அடைத்துவிடுவார்கள். அந்த வாரமே வேண்டாம் என்று விட்டோம். 20 திங்களும் விடுமுறை. ஆக 13 முதல் 17 வரை ஐந்து நாள், பிறகு 21, 22. மொத்தம் ஏழு வேலை நாள். விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும்; காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. இதிலெல்லாம் ஒரு பிசகும் இல்லை. ஐந்து நாள் லொரியான், ஒரு நாள் மாவட்டத் தலைநகரான வான், ஒரு நாள் கையிருப்பு. நான்தான் சரி என்றேன்.

பிசகியது லொரியானுக்கு ஐந்து, வானுக்கு ஒன்று என்ற அந்தப் பிரிப்புதான். ஒரு தாள் எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறது என்பது பிரான்சில் முக்கியமில்லை. எந்த அலுவலகம் அதை உண்டாக்கியது என்பதை வைத்துத்தான் அது எங்கே இருக்கும் என்பது முடிவாகும். கம்பெனியின் கப்பல் ஆவணங்கள் லொரியானிலேயே இருக்கின்றன, ஆனால் நகரக் காப்பகத்தில் இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவில். மாலுமிகள், பயணிகள் பட்டியலை அதே அமைச்சகத்தின் 'மெமுவார் தெ ஸோம்' தளத்தில் பார்க்கலாம். லொரியான் நோட்டரிகள் எழுதிய பத்திரங்களும் கடல் வழக்குகளைப் பார்த்த அட்மிரால்டி நீதிமன்றத்தின் ஏடுகளும் வானில் உள்ள மாவட்டக் காப்பகத்தில். பங்குப் பதிவேடுகளை இரண்டு பிரதி எழுத வேண்டும் என்பது 1667 முதலே சட்டம். ஒன்று ஊரில் தங்கும், மற்றது நீதிமன்றம் வழியாக மாவட்டத்துக்குப் போகும். அவையும் இணையத்துக்கு வந்துவிட்டன. படமெடுத்து ஏற்றிய ஏட்டின் மூலத்தைப் பொதுவாக எந்தக் காப்பகமும் மேசைக்குத் தராது.

லொரியானில் முதல் நாள் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. "ஜிஜி எல்லாம் திரையிலதான் சார். இதை நான் வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாமே."

இது எனக்குத் தெரிந்த விதி. தெரிந்தும் கேட்கவில்லை. எண் இருக்கிறதா என்று கேட்டேனே தவிர, அந்த எண் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

மீதி நாட்களைச் சிசி கட்டுகளில் கழித்தார். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை மதியம், வாசிப்பறை மேசையில் இருந்த அம்மையார், சரியாக என்னதான் தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். சொன்னதும் இரண்டு வாக்கியத்தில் பதில்: வானுக்குப் போங்கள், பத்திரப் பதிவு ஏடுகளிலிருந்து தொடங்குங்கள். 'கோந்த்ரோல் தெஸாக்த்' என்பார்கள். 1693 முதல் நோட்டரி எழுதிய பத்திரம் ஒவ்வொன்றையும் அரசு அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். யார் யாருக்குள், எந்தத் தேதி, எந்த நோட்டரி என்ற சுருக்கம் அந்த ஏட்டில் இருக்கும். நோட்டரி பெயரும் தேதியும் தெரியாமல் பத்திரக் கட்டுகளில் இறங்கினால் மாதக்கணக்கில் ஆகும். இந்த ஏடு வழியாகப் போனால் ஒரே நாளில் பத்திரத்தின் முகவரி கிடைத்துவிடும்.

அவரிடம் இருந்ததோ இரண்டே நாள். 21ஆம் தேதி பதிவு ஏடு, 22ஆம் தேதி பத்திரங்கள். ஒரு நாளைக்கு இத்தனை கட்டுதான் என்ற வரம்பு உண்டு, மூடுவதற்கு வெகு முன்பே கடைசிக் கோரிக்கை நின்றுவிடும். எடுத்த மட்டும் படமெடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கட்டுக்கும் முதல் படம் அதன் கோத் சீட்டு, அப்புறம்தான் பக்கங்கள். அதைச் சொல்லி அனுப்பியிருந்தேன், அது பலித்தது.

திரும்பி வந்ததும் அவர் வேறொன்று சொன்னார். லொரியானில் அந்த நான்கு நாள் சிசி கணக்குகளோடு மல்லுக்கட்டியதால்தான் கை பழகியதாம். '7' என்ற எண்ணோடு 'பிஆர்இ' என்று எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 'எக்ஸ்' போட்டிருந்தால் டிசம்பர். 'மேற்படி' என்பதற்கு ஒரு சின்னச் சுழிப்புதான். நேரே வானுக்குப் போயிருந்தால் நோட்டரி கையெழுத்தில் ஒரு வரிகூட ஓடியிருக்காது என்றார். உண்மையாகவும் இருக்கலாம், என் மனம் நோகக் கூடாது என்று சொன்னதாகவும் இருக்கலாம். கையெழுத்துப் பழக அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம், இணையத்தில் உள்ள ஜிஜியிலேயே பழகியிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு மெயிலை நானே கூட உட்கார்ந்து எழுத வைக்கிறேன். என்ன கேள்வி, எந்த ஆண்டுகள், இதுவரை பார்த்த கோத் எண்கள், வரும் தேதி. கடைசியாக, இவற்றில் மூலம் தரப்படாதவை எவை, வெளிக்கிடங்கிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை எவை, இந்தக் கேள்விக்கு வேறு எந்தக் காப்பகம் போக வேண்டும் என்ற மூன்று கேள்விகள்.

அடுத்த ஆண்டு வேறொரு நகரத்துக்குப் போன மாணவர் அப்படித்தான் எழுதினார். நல்ல பதில் வந்தது, ஐந்து கோத் எண்களோடு. போனார், அந்த ஐந்தையும் பார்த்தார், வந்தார். விவரப்பட்டியலை அவர் திறக்கவே இல்லை. அவருடைய ஐந்தாவது எண்ணுக்கு அடுத்த வரியிலேயே அவர் தேடிய ஆண்டுகளுக்கான கட்டு இருந்ததை நான்தான் பிறகு பார்த்தேன்.