வி.ஆர். கிருஷ்ணய்யரும் தேர்தல் வழக்கும்

நீதிபதி கிருஷ்ணய்யர் என்றால் ஜாமீன், சிறைவாசிகளின் உரிமை குறித்த தீர்ப்புகள்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அதற்கு முன்பு அவர் தலச்சேரி வக்கீல். 1952ல் கூத்துபறம்பிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். 1957ல் தலச்சேரியில் சுயேச்சையாக ஜெயித்து கேரள முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் மந்திரி.

1960 தேர்தல்தான் சுவாரஸ்யம். முதலில் தோற்றதாக அறிவிப்பு. வழக்குப் போட்டு அந்த இடத்தைப் பிடித்தார். இது லேசுப்பட்ட வேலை இல்லை. இன்றைய விதிப்படி முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு, 2000 ரூபாய் டெபாசிட். (அப்போது தேர்தல் தீர்ப்பாயம், 1966 திருத்தத்துக்குப் பிறகே நேராக ஹைகோர்ட்.) "எதிராளி ஜெயிச்சது செல்லாது" என்பதோடு "நானே ஜெயிச்சேன்னு அறிவிங்க" என்றும் கேட்டால், களத்தில் நின்ற மற்ற வேட்பாளர்கள் அத்தனை பேரையும் பிரதிவாதியாகச் சேர்க்கணும். ஒருத்தரை விட்டாலும் மனு தள்ளுபடி. "எண்ணிக்கையில் தப்பு இருக்கு, மறுபடி எண்ணுங்க" என்று மொட்டையாகச் சொன்னால் வாக்குச்சீட்டு மூட்டையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

1965ல் தோல்வி. 1968ல் கேரள ஹைகோர்ட், 1973ல் உச்ச நீதிமன்றம். கட்சி அரசியல் பண்ணினவரா நீதிபதி என்று அப்போது எதிர்ப்பும் கிளம்பியது. என்னைக் கேட்டால், அந்த அனுபவம் அவருக்குப் பலம்தான்.

1975 ஜூன் 24. விடுமுறைக்கால நீதிபதியாக அவர் முன் வந்தது இன்னொரு தேர்தல் வழக்கு: தன் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்புக்கு எதிராக இந்திரா காந்தியின் மேல்முறையீடு. அந்தத் தீர்ப்புக்கு முழுத் தடை தரவில்லை. பிரதமராகத் தொடரலாம், மக்களவையில் பேசலாம், ஓட்டுப் போடக் கூடாது, எம்.பி. சம்பளம் கிடையாது. மறுநாள் ராத்திரி எமர்ஜென்சி.

1987ல் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார், நம்ம ஆர். வெங்கட்ராமனுக்கு எதிராக. அதில் தோல்வி.