பத்தாம் நாள் காலை

பத்து நாள்களாகச் சுவரைப் பார்த்தே படுத்திருந்த அந்த அம்மா, இன்று காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது தாமாகவே எழுந்து தலைவாரிக்கொண்டிருந்தார்.

சீப்பில் சிக்கிய முடியை விரலில் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டே இருந்தார்.

மகளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா சிஸ்டர்?” என்றாள்.

மனச்சோர்வுக்கான மருந்து முழுப் பலன் தரப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். மனத்தின் இருள் விலகுமுன்பே உடலுக்குத் தெம்பு வந்துவிடுவதுண்டு என்பதால், நாங்கள் மிகவும் விழிப்பாக இருக்கவேண்டிய நாள்கள் இவைதாம்.

மாத்திரையை விழுங்கிவிட்டாரா என்று பார்த்தபின், அருகில் அமர்ந்து, “செத்துடலாம்னு தோணுதாம்மா?” என்று நேரடியாகவே கேட்டேன். கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள்; அது தவறு.

அவர் வெகுநேரம் பேசவில்லை. நானும் எழவில்லை.

பிறகு, “ராத்திரியில தோணுது” என்றார்.

மருத்துவரிடம் உடனே தெரிவித்து, அவருடைய கட்டிலை எங்கள் மேசைக்கு அருகில் மாற்றிவிட்டோம்.