உடம்போடு கொஞ்சம் அன்பாகப் பேசலாம்

காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் யோகாசனமான பச்சிமோத்தானாசனத்தில் விரல் கால் நுனியைத் தொடாவிட்டால், "உனக்கு இதுகூட வராது" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கும். அதற்கு இப்போதெல்லாம் பதில் சொல்கிறேன்: "பரவாயில்லை, முட்டியை மடக்கிக்கோ. மூச்சு திணறாத அளவு போதும்." சென்னையில் பல்லாண்டு யோகா கற்பித்த ஆசிரியர் கிருஷ்ணமாச்சார்யாவின் வழியும் இதுதானே! ஆசனத்துக்காக ஆளை வளைக்காமல், ஆளின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப ஆசனத்தை மாற்றுவது. அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் 'கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம்' என்ற யோகப் பள்ளியைத் தொடங்கியதும் அந்த வழியில்தான்.

மூச்சை நிதானமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். எனக்கு நானே நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ள அதுதான் தோதான நேரம். "இன்னிக்கு நல்லா செஞ்சே" என்று சொல்லிவிட்டுத்தான் சவாசனத்தில் படுக்கிறேன்.

வீடு, ஆபீஸ் என்று ஓடும் தோழிகளே, பாய் விரிக்க முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்தாவது செய்யுங்கள்.