தலைவலி கழுத்திலிருந்துதான் வருகிறதா? எக்ஸ்ரே மட்டும் சொல்லாது

"கழுத்து எலும்பு தேய்ஞ்சிருக்காம், அதான் தலைவலியாம்" என்று எக்ஸ்ரே உறையோடு வருகிறவர்களை பிசியோதெரபி அறையில் அடிக்கடி பார்க்கிறேன். படத்தில் தேய்மானம் இருப்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது எலும்புக்கு நடுவில் இருக்கும், வலியே இல்லாத நடுத்தர வயதுக்காரர்கள் பலருக்கும் அதே தேய்மானம் உண்டு. தலைக்கு வலியை ஏற்றிவிடுவது மேலே இருக்கும் முதல் மூன்று எலும்புகளின் மூட்டுகள். அந்த மட்டத்து நரம்புகளும் முகத்திலிருந்தும் கண்ணிலிருந்தும் வரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் சேர்வதால், கோளாறு பிடரியில் இருந்தாலும் கண்ணுக்குப் பின்னால் குத்தும்.

அதனால் முதலில் கேள்விகள்தான். எப்போதும் ஒரே பக்கமா, பிடரியில் தொடங்கி முன்னால் வருகிறதா, வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் திரும்பும்போது கிளம்புகிறதா? மைக்ரேனிலும் கழுத்து வலிக்கும் என்பதால் கழுத்து வலியை மட்டும் வைத்து முடிவு கட்டவே கூடாது.

அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்து, தாடை நெஞ்சை ஒட்டும் அளவு தலையை மடக்கி, அந்த நிலையிலேயே இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பார்ப்பேன். மடக்கியதும் கீழ்க்கழுத்து இறுகிவிடும், மிச்சத் திருப்பம் பெரும்பாலும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கும். சாதாரணமாக 40 டிகிரிக்கு மேல் போகும். கோளாறுள்ள பக்கம் 30 டிகிரியை நெருங்கும்போதே கெட்டியாக நின்றுவிடும், "அதே வலிதாங்க" என்று அவரே சொல்வார். இரண்டாவது, மூன்றாவது எலும்புக்கு நடுவிலான மூட்டை இந்தச் சோதனை சரியாகக் காட்டாது, அதை விரலால் அழுத்தித்தான் தேட வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் வலி மருத்துவர் அந்த மூட்டின் நரம்பை ஊசியால் மரக்க வைத்து, தலைவலி அடங்குகிறதா என்று பார்ப்பார், அதையும் வேறொரு மருந்தால் இன்னொரு முறை செய்து ஒத்துப்போனால்தான் நம்பலாம். எல்லோருக்கும் இது தேவைப்படாது.

சலூனில் கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்தாலும் தொடக்கத்தில் வெறும் கழுத்து வலி, தலைவலியாகத்தான் தெரியும். இதுவரை இல்லாத கடும் வலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, நடையில் தள்ளாட்டம், காய்ச்சலோடு விறைத்த கழுத்து, இதில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். விபத்தில் அடிபட்ட கழுத்தையும், ருமட்டாய்டு மூட்டுவாதம் உள்ளவர்களின் கழுத்தையும் மருத்துவர் பார்த்து ஸ்கேன் எடுக்கும்வரை நான் திருப்பிப் பார்ப்பதில்லை.