போடப் போடச் சரியாகுமா?

செருப்புக் கடையில் நிற்கிற எங்களுக்கு ஒரு கேள்வி மட்டும் எந்த நாளும் தவறுவதில்லை. புதுச் செருப்பை மாட்டி நாலு அடி நடந்துவிட்டு, முகத்தை லேசாகச் சுளித்தபடி, "இந்த இடத்துல கொஞ்சம் பிடிக்குது தம்பி, போடப் போடச் சரியாகிடும்ல?" என்பார்கள். "ஆகிடும்மா" என்று சொல்லிவிட்டால் விற்பனை முடிந்தது. ஆனால் குனிந்து, பிடிக்கிற இடத்தை விரலால் தொட்டுப் பார்க்காமல் அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சில இடங்கள் நிஜமாகவே இளகிக் கொடுக்கும். சில இடங்கள் அந்தச் செருப்பு கிழிகிற நாள் வரை அப்படியேதான் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் எங்கள் வேலையில் உருப்படியான அறிவு.

நான் முதலில் பார்ப்பது வார் எதில் செய்தது என்பதை. தோல் என்றால் நம்பலாம். தோலுக்குள்ளே கொலாஜன் இழைகள் வலை மாதிரி பின்னிக் கிடக்கின்றன. காலின் சூடு, வியர்வையின் ஈரம், நடக்கும்போது வரும் இழுவை இந்த மூன்றும் சேரும்போது அந்த இழைகள் மெல்ல இடம் மாறி, போடுகிறவரின் கால் வளைவுக்கு ஏற்ப உட்கார்ந்துவிடும். ரெக்ஸின் வேறு ரகம். அது துணியின் மேல் பூசிய பிளாஸ்டிக். இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் பழைய அளவுக்கே வந்து நிற்கும். ரெக்ஸின் வார் கடையிலேயே இறுக்கமாக இருந்தால், ஒரு மாதம் போட்டாலும் கிட்டத்தட்ட அதே இறுக்கம்தான். அப்போது வேறு சைஸ் அல்லது வேறு மாடல் எடுத்துக் காட்டுவதுதான் நியாயம்.

தோல் வாரிலும் எல்லா இடமும் இளகாது. இரட்டைத் தையல் ஓடுகிற இடம், ஓரத்தை மடித்து ஒட்டிய இடம், நீளாமல் இருக்க உள்ளே நாடா வைத்த இடம் எல்லாம் பிடிவாதமானவை. அப்புறம், அடிப்பகுதி நீளாது. சுண்டுவிரல் வெளியே தொங்கினாலோ, குதிகால் பின் விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்தாலோ, அந்த ஜோடி அவருக்கு இல்லை. கட்டைவிரல் இடுக்கில் வருகிற வார் சரியான இடத்தில் இல்லை என்றாலும் அப்படித்தான். அந்த வார் இறங்குகிற ஓட்டை அடிப்பகுதியில் எங்கே போட்டிருக்கிறதோ அங்கேயே கடைசி வரை இருக்கும்.

கொப்புளம் ஏன் வருகிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். வார் மேலே தேய்ப்பதால் வருகிறது என்று நினைக்கிறார்கள். மேலே தேய்த்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளம் பிறப்பது சருமத்துக்கு உள்ளே. வார் சருமத்தை ஒரே இடத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது. உள்ளே எலும்பு ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அடுக்குகள் இழுபட்டு இழுபட்டு, ஒரு கட்டத்தில் மேல்தோலின் நடு அடுக்கில் செல்கள் பிய்ந்துபோகின்றன. அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. நன்றாகக் காய்ந்த சருமத்தில் வார் வழுக்கிப் போய்விடும். லேசாக ஈரமான சருமத்தைத்தான் அது இறுகப் பிடிக்கும். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் தொந்தரவு ஆரம்பிக்கிறது என்பதற்கு வியர்வை ஒரு காரணம். நிற்க நிற்கக் கால் வீங்குவது இன்னொரு காரணம்.

இதைப் புரிந்துகொண்டால், "பெரிசா வாங்கிட்டா கடிக்காது" என்ற பேச்சு ஏன் சரியில்லை என்பதும் தெரிந்துவிடும். தொளதொளவென்று இருக்கும் செருப்பில் கால் முன்னும் பின்னும் ஓடும். அந்த ஓட்டம்தான் உள்ளே இழுவையை உண்டாக்குகிறது. நழுவாமல் இருக்க விரல்களை மடக்கி மடக்கி நடப்பதால் கெண்டைக்கால் வரை வலிக்கும். இறுக்கமும் கூடாது, ஓட்டமும் கூடாது. பாதத்தின் மேல்பக்கம் குறுக்கே வரும் வாருக்கு அடியில் சுண்டுவிரல் நுனி சிரமம் இல்லாமல் நுழைந்தால் சரி என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

சைஸ் எண்ணை மட்டும் நம்பி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் 6.67 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் அளவில் சுமார் 8.5 மில்லிமீட்டர். செருப்புகளில் அரை சைஸ் பெரும்பாலும் வராது. ஆக, இரண்டு எண்களுக்கு நடுவில் விழுகிற கால்கள் ஏராளம். இருவேறு கம்பெனிகளின் ஒரே எண் ஒரே அளவாக இருப்பதும் அபூர்வம். அதோடு அந்த எண் நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. 1920களில் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் சார்லஸ் பிரானக் என்பவர் உருவாக்கிய கால் அளக்கும் கருவி இன்னும் பல கடைகளில் இருக்கிறது. அது குதிகாலிலிருந்து விரல் நுனி வரை மட்டும் அளப்பதில்லை. அகலத்தையும், குதிகாலிலிருந்து கட்டைவிரலின் அடி மூட்டு வரை உள்ள நீளத்தையும் தனியாக அளக்கும். கால் மடங்குவது அந்த மூட்டில்தான். செருப்பும் அதே இடத்தில் மடங்க வேண்டும். நீளம் சரியாக இருந்தும் மடங்கும் இடம் தள்ளி இருந்தால், ஒவ்வொரு அடிக்கும் வார் காலை எதிர்த்து இழுத்துக்கொண்டே இருக்கும். இதை நான் கடையில் எல்லோருக்கும் செய்து காட்டுவேன். ஒரு காலை ஊன்றி, குதிகாலை மட்டும் தூக்கச் சொன்னால் போதும், செருப்பு எங்கே மடங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

மாலையில் வாங்குங்கள், பெரிய காலுக்கு வாங்குங்கள் என்ற இரண்டையும் கேட்டிருப்பீர்கள். இரண்டும் உண்மை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பதில்லை. உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எழுந்து நின்றால் எடை இறங்கிக் கால் நீளமும் அகலமும் கூடும்.

எங்களிடம் வருகிறவர்களில் எனக்கு அதிகம் மனசில் நிற்பது, வேலைக்கு முதல் நாள் போகிறவர்கள். நர்ஸ், ஆசிரியை, வரவேற்பறையில் உட்காருகிறவர், வாடிக்கையாளர் முன்னால் நாள் பூரா நிற்கிறவர். முந்தின நாள் மாலை வந்து வாங்கி, மறுநாள் காலையிலிருந்து இரவு வரை அதிலேயே இருப்பார்கள். புதுச் செருப்புக்கு அதைவிடக் கடுமையான சோதனை கிடையாது, காலுக்கும்தான். அவர்களிடம் நான் சொல்வது, "இன்னிக்கு வாங்கிக்கோங்க, நாளைக்குப் பழசையே போட்டுட்டுப் போங்க." முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம். வேலை செய்துகொண்டே, நடந்துகொண்டே போட வேண்டும், உட்கார்ந்தபடி இல்லை. கழற்றியதும் சிவப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மறைகிற சிவப்பு பிரச்சினை இல்லை. ஒரே புள்ளியில் எரிச்சலும் சூடும் இருந்தால் கொப்புளம் கிளம்புகிற இடம் அதுதான். மறுநாள் ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள் என்று கூட்டிக்கொண்டே போகலாம். வேலை இடத்துக்கு முதல் முறை போட்டுப் போகிறபோது பையில் பழைய ஜோடி இருக்கட்டும். எரிச்சல் தெரிந்த உடனே மாற்றிவிட வேண்டும். "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே" என்று பொறுத்துக்கொள்கிற அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பெரும்பாலும் காயம் ஆகிறது.

தோல் செருப்பு என்றால் வீட்டிலேயே கொஞ்சம் உதவி செய்யலாம். தடிமனான சாக்ஸ் போட்டு அதன் மேல் செருப்பை மாட்டி நடந்தால் வார் இளகும், கால் பத்திரமாக இருக்கும். தோலுக்கான கண்டிஷனரை வாரின் உள்பக்கம் மெல்லிசாகத் தடவி ஊறவிட்டு, கையால் முன்னும் பின்னும் வளைத்துக் கொடுக்கலாம். தண்ணீரில் முக்கி வெயிலில் காயவைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தோலுக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசை போய், காய்ந்ததும் வார் விறைத்து வெடிக்கும். அதற்குப் பிறகு அது எப்போதும் இருந்ததைவிட மோசமாகக் கடிக்கும்.

இந்த விஷயத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது எங்கள் கடையின் பின்பக்கம் பழுது பார்க்கிற பெரியவரிடம். கடிக்கிறது என்று யாராவது செருப்பைத் திருப்பிக் கொண்டுவந்தால் அவர் வாரின் நடுவைப் பார்க்கவே மாட்டார். கட்டைவிரலை ஓரத்தில் வைத்து ஒரு முறை ஓட்டுவார். "தம்பி, நடுவுல எந்த வாரும் கடிக்காது. ஓரம்தான் கடிக்கும். ஓரத்தை உடைச்சு விட்டுட்டா பாதி வலி போயிடும்" என்பார். வெட்டிய தோலின் ஓரம் கூர்மையாக இருக்கும். உருண்டையான இரும்பின் மேல் வாரை வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரத்தை மட்டும் தட்டித் தட்டி மழுக்குவார். தேவைப்பட்டால் உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து மெழுகு பூசுவார். வீட்டில் சுத்தியல் எடுக்க வேண்டியதில்லை. கரண்டியின் பின்பக்கத்தால் ஓரத்தை அழுத்தி நன்றாகத் தேய்த்தாலே வித்தியாசம் தெரியும். பக்கிள் வாரில் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே இன்னொரு ஓட்டை போடுவதும் அவர் அடிக்கடி செய்கிற வேலை. அரை ஓட்டை வித்தியாசத்தில் கால் ஓடுவது நின்றுபோன ஜோடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சருமத்தின் பக்கம் என்ன செய்யலாம் என்றால், என் முதல் தேர்வு பேப்பர் டேப். மருத்துவமனைகளில் கட்டுக்கு ஒட்டுகிற அதே மெல்லிய காகித டேப். கிராண்ட் லிப்மன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் 250 கிலோமீட்டர் ஓடுகிற நீண்ட தூர ஓட்டக்காரர்களிடம் இதைச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. கடித்த பிறகு ஒட்டுவதில் பெரிய பயன் இல்லை. காலையில், காலைத் துடைத்துக் காயவிட்டு, சிவப்பு வந்த இடத்தில் சுருக்கம் இல்லாமல் ஒட்ட வேண்டும்.

வாசலின் தடவுகிறவர்கள் உண்டு. ஆரம்பத்தில் வழுக்கிக் கொடுக்கும், சருமம் அதை உறிஞ்சிய பிறகு பிடிமானம் முன்பைவிடக் கூடிவிடும். குறுகிய நேரத்துக்குச் சரி, முழு வேலை நாளுக்கு என்றால் இடையில் மறுபடி தடவ வேண்டும். வியர்வை தடுக்கும் மருந்தைக் காலில் பூசுவது பற்றியும் கேட்பார்கள். 1998இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்கள் 21 கிலோமீட்டர் நடந்தார்கள். முன்கூட்டி குறைந்தது மூன்று இரவுகள் மருந்து பூசியவர்களில் 21 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத பூச்சு பூசியவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கொப்புளம் வந்தது. நல்ல பலன்தான். ஆனால் மருந்து பூசியவர்களில் 57 சதவீதம் பேருக்குச் சரும எரிச்சல். ஒரு செருப்பைப் பழக்குவதற்காக அந்த எரிச்சலை வாங்கிக்கொள்ளச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

மீறிக் கொப்புளம் வந்துவிட்டால், சின்னதாக இருந்தால் உடைக்காதீர்கள். மேலே இருக்கும் தோல்தான் அதற்குச் சிறந்த கட்டு. அதைக் கிழித்து எடுக்காமல் விட்டால், ஐந்து நாள் அளவில் அடியில் புது மேல்படலம் உருவாகிவிடும். அதுவரை அந்தச் செருப்பு அலமாரியில் இருக்கட்டும். தானாக உடைந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி மூடிவையுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் மகன் 1924 ஜூன் 30 அன்று சாக்ஸ் இல்லாமல் காலணி போட்டு வெள்ளை மாளிகையில் டென்னிஸ் ஆடினார். கால்விரலில் வந்த கொப்புளத்தில் கிருமி புகுந்து, ரத்தத்தில் கலந்து, ஜூலை 7 அன்று இறந்துபோனார். அவருக்கு வயது 16. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு நாலு வருடம் கழித்து, 1928இல். இன்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு போனால்தான் அது உதவும்.

நீரிழிவு இருக்கிறவர்களுக்கு மேலே சொன்னதில் ஒரு பகுதி பொருந்தாது. நரம்பு பாதித்திருந்தால் எரிச்சல் என்ற எச்சரிக்கையே அவர்களுக்கு வராது. "நல்லா இருக்குப்பா, ஒண்ணுமே தெரியல" என்று ஒரு வயதானவர் சொன்னால், நான் சந்தோஷப்படுவதற்கு முன் "ஐயா, சுகர் இருக்கா?" என்று கேட்டுவிடுவேன். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள் என்பேன். விரல் இடுக்கில் வார் போகிற மாடலை அவர்களுக்கு எடுத்துக் காட்டுவதே இல்லை. அகலமான, உள்பக்கம் மெத்தென்ற, வெல்க்ரோவால் தளர்த்தக்கூடிய வார், பின்னால் பிடிமானம், உள்ளே தையல் முடிச்சு எதுவும் துருத்தாத அமைப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் கொடுப்பேன். ஒரு இடம் விடாமல் உள்ளே முழுக்க விரலால் தடவிப் பார்த்த பிறகே காலில் போடவைப்பேன். வீட்டில் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கண்ணாடி வைத்து அடிப்பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும், கண் மங்கலாக இருந்தால் வீட்டில் இன்னொருவர் பார்க்க வேண்டும். இதைக் கூட வந்திருக்கும் மகனிடமோ மகளிடமோ தனியாக ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் பில் போடுவேன்.