35.4: அரவேணு மழைக்குறிப்பு

அக்டோபர் 3

ஈரப்பதம் 88. விடிந்ததிலிருந்து மழை. கிட்டார் வேலையில் எதையும் ஒட்டவில்லை.

அக்டோபர் 4

ஈரப்பதம் 91. ஒட்டத்தானே கூடாது, வளைக்கலாமே என்று பக்கப்பலகையை எடுத்தேன். சீகை, 2 மில்லிக்கு இழைத்து வைத்தது. தோள் வளைவு சொன்னபடி கேட்டது. இடுப்புக்கு வரும்போது கை அவசரப்பட்டது. சடக். அந்தச் சத்தம் காதுக்கு முன்னால் வயிற்றுக்குத்தான் போகும். பலகை வளைக்கிற சூட்டுக் குழாயில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாகத் துள்ளி ஓட வேண்டும். இன்று அது அங்கேயே நின்று கொதித்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும் பலகையை வைத்தேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணன் போன். கூடப்பிறந்தவர் இல்லை, குன்னூரில் கிட்டார் செய்கிறவர். "இன்னிக்கு என்ன தம்பி உடைஞ்சுது?" சொன்னேன். அவர் காலையில் ஷேவிங் கிரீமில் பல் தேய்த்துவிட்டாராம். "உன்னுது பெருசா என்னுது பெருசா?" என்னுடையதுதான் என்றேன். "வாயில வெச்சுப் பாத்துட்டுச் சொல்லு."

ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 6

மாற்றுப் பலகை வளைந்தது. ஒரு சுருக்கம் இருக்கிறது, உள்பக்கம். சரி.

இந்தச் சீகையை இங்கே யாரும் மதிப்பதில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டது, சோலையையும் புல்வெளியையும் தின்றுவிட்டது என்று திட்டுகிறார்கள். திட்ட வேண்டியதுதான். ஆனால் இதே மரத்தை ஆஸ்திரேலியாவில் பிளாக்வுட் என்று பேர் சொல்லிக் கிட்டாருக்கு எடுக்கிறார்கள். "இங்க அடுப்புக்கு, அங்க கச்சேரிக்கு" என்பார் அண்ணன். என் கையில் பாதி அடுப்புக்குத்தான் போகிறது.

அக்டோபர் 9

மேல்பலகையைக் காயவைக்க மர பீரோவுக்குள் 60 வாட் பல்பு போட்டு, ஈரமானியையும் உள்ளே தொங்கவிட்டிருக்கிறேன். 45க்கும் 50க்கும் நடுவில் நிற்கும்போது, பலகையை உள்ளேயிருந்து தாங்குகிற குச்சிகளை ஒட்டிவிட வேண்டும். ஈரத்தில் ஊதிப்போன பலகையில் ஒட்டினால், ஜனவரி பனியில் காற்று காயும்போது பலகை சுருங்கப் பார்க்கும், குச்சிகள் விடாது, நடுவில் பிளக்கும். போன வருடம் ஒன்று அப்படிப் போனது. அந்த வெடிப்பைப் பற்றி எழுதப்போவதில்லை.

நேற்று ராத்திரி 52. இன்று காலை 79. பல்பு எரிகிறது, கதவு சாத்தியிருக்கிறது, 79. திறந்தால் மேல்பலகைக்குப் பக்கத்தில் பையனின் யூனிபார்ம், இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு ஸ்வெட்டர். "ஊரே நனைஞ்சு கிடக்கு, ஒரு மரத்துக்கு மட்டும் சூடா?" என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை. நான்கு நாள் ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறான். எனக்குத் தெரியாது.

அக்டோபர் 10

இட்லி மாவில் உப்பு இரண்டு தடவை போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 16

பெட்டி மூடியாயிற்று. இன்று பிரெட்போர்டை, விரல் அழுத்துகிற பலகையை, நெக்கில் ஒட்டினேன். ஈட்டி மரப் பலகை, அண்ணனின் அம்மா படுத்திருந்த கட்டிலிலிருந்து எடுத்தது. அவரிடம் இருந்த கடைசித் துண்டு. இழைக்கும்போது வந்த வாசனைக்காகவே இன்னும் கொஞ்சம் இழைத்தேன்.

அக்டோபர் 17

35.4.

காலையில் வெட்டுகளில் பிரெட் கம்பி அடிக்க உட்கார்ந்தேன். சும்மா, கை பழக்கத்தில், நெக்கின் தலைப்பக்கம் கம்பி தொடங்குகிற நட்டிலிருந்து முதல் வெட்டுக்கு அளந்தேன். 650 மில்லி ஸ்கேலை, அதாவது கம்பி அதிர்கிற நீளத்தை, 17.817ஆல் வகுத்தால் 36.5 வர வேண்டும். 35.4 வந்தது. அளவுகோலைத் திருப்பிப் பிடித்து அளந்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளந்தேன். பன்னிரண்டாவது பிரெட் 325இல் இருக்க வேண்டும். 315.

வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். பக்கத்துக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கும், கடைப் பையன் ஆமாம் என்றிருப்பான். 97 சதவீதம். மூன்று தாளையும் ஒட்டி, பலகை மேல் வைத்து, ஒவ்வொரு கோட்டிலும் ரம்பத்தை ஓட்டினேன். அவனைச் சொல்லிப் பயனில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தாள் மேல் அளவுகோலை வைத்திருந்தால் போதும். ‘ரெண்டு தடவை அள, ஒரு தடவை அறு’ என்று என் பையனுக்கு மரப்பாடம் எடுத்தவன் நான்.

மூடிய பெட்டி. ஒட்டிய நெக். அம்மா கட்டில்.

மத்தியானம் சாப்பிடவில்லை. ஒன்பது மணிக்கு நானே கூப்பிட்டேன். அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எல்லா வெட்டும் ஒரே மாதிரி சுருங்கியிருக்கா?" என்றார். எல்லாம் என்றேன். "அப்ப அது தப்பான 650 இல்ல தம்பி. சரியான 630." 

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் கோபம் வந்தது.

அக்டோபர் 18

தூக்கமில்லாமல் கணக்குப் போட்டேன். அண்ணன் சொன்னது சரி. வெட்டுகளுக்குள் விகிதம் கெடவில்லை, 630.5 ஸ்கேல். கம்பியின் மறுமுனையைத் தாங்குகிற பிரிட்ஜ் மட்டும் 19.5 மில்லி துளையை நோக்கி வர வேண்டும். கம்பியை அழுத்தும்போது சுருதி ஏறுவதற்கு ஈடாக நீளத்தில் 2 மில்லி சேர்த்தால் 632.5. உள்ளே இருக்கிற ஏழு விசிறிக் குச்சிகளும் பழைய இடத்துக்காகச் சீவியவை. நைலான் கம்பிதான், தாங்கும். அதே கம்பிக்கு இழுவையும் நூற்றுக்கு ஆறு குறையும், விரலுக்கு லேசு. 630இல் வேண்டுமென்றே செய்கிறவர்கள் உண்டு.

வச்சிரம் போட்டுத்தான் ஒட்டினேன், இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் பலகை கழன்று வரும். வேறு பலகை?

அக்டோபர் 24

பிரிட்ஜ் ஒட்டி கிளாம்ப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் கொட்டகை வாசலில் காட்டெருமை. ஒற்றை ஆண். தேயிலைக்குள்ளிருந்து ஏறி வந்து பாதையில் நின்றுகொண்டு அசைபோட்டது. ஐந்தரையிலிருந்து ஏழு வரை. வேறு வேலை இல்லாததால் பிரிட்ஜை ஒன்பது தடவை அளந்தேன். ஒன்பது தடவையும் 632.5. வீட்டில் அடுப்பில் வைத்த பருப்பு கரியாகிவிட்டது. இந்தத் தடவை குற்றவாளி நானில்லை, ஆனால் பாத்திரம் தேய்த்தது நான்தான்.

அக்டோபர் 30

கட்டபெட்டு வழியாகக் குன்னூர் போனேன். அண்ணன் மெலிந்திருக்கிறார். டீயை அரைத் தம்ளர்தான் ஊற்றச் சொன்னார், அதையும் இரண்டு கையால் பிடித்தார். மேஜை மேல் பாதி செதுக்கிய நெக், அதே இடத்தில், போன மாதம் பார்த்த மாதிரியே. மேலே சீவல்கூட அப்படியே. உளிகளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

"இன்னிக்கு எதுவும் உடைக்கலை" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை.

நவம்பர் 2

டீச்சரிடம் சொல்வதா வேண்டாமா. 650 என்று கேட்டு முன்பணம் கொடுத்தவர். வாசித்துப் பார்த்தால் தெரியுமா? இருபது மில்லி வித்தியாசம். கை பழகியவருக்கு முதல் ஐந்து நிமிடத்தில் ஏதோ ஒன்று இடிக்கும், அப்புறம் கை தானாகச் சரிசெய்துகொள்ளும். ‘உங்களுக்காகவே கொஞ்சம் சின்னதாக’ என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால். பொய் சொல்லும்போது என் இடது புருவம் தூக்குகிறது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

"சொல்லிடு" என்கிறார் அண்ணன். அவருக்கென்ன. ஒரு காலத்தில் பிரிட்ஜைத் தலைகீழாக ஒட்டி, அதைச் சொல்லி, விலையையும் குறைத்து விற்றவர். அந்த ஆள் இன்னும் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறாராம். எனக்கு அப்படியெல்லாம் நடக்காது. முன்பணம் பீரோ வாங்கியதில் போய்விட்டது.

அழைத்தேன். ரிங் போனதும் வைத்துவிட்டேன்.

நவம்பர் 3

டீச்சர் திருப்பிக் கூப்பிட்டார். கை பட்டுவிட்டது என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.

நவம்பர் 5

மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது. மலை ரயிலும் ரத்து. டவர் இல்லை. ஒன்பது மணி வந்தது, போனது.

நவம்பர் 6

பாலிஷ் போடுவதற்கு முன் கம்பி மாட்டினேன். பன்னிரண்டாவது பிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை. ஐந்து கம்பி சரியாக நின்றது. ஆறாவது, அழுத்தினால் ஒரு மயிரிழை கூடுகிறது. பிரிட்ஜ் மேல் கம்பியைத் தாங்குகிற எலும்பைக் கொஞ்சம் பின்னால் தேய்க்க வேண்டும். இருட்டும்வரை வாசித்தேன். பையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டை காய்ந்திருந்தது, தொட்டுப் பார்த்தேன்.

நல்ல குரல். என்னுடையது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 7

காலை ஏழுக்கு அண்ணன் போன். ராத்திரி ஒன்பதில்லை, காலை ஏழு.

"தம்பி, இன்னிக்கு என்னுதுதான் பெருசு." கோவை ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்ன தேதி ஆறு. இவர் காலண்டரில் ஒன்பதில் வட்டம் போட்டிருக்கிறார். சீட்டைத் தலைகீழாகப் பார்த்தாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

நாளைக்கே போகலாம், நான் வருகிறேன் என்றேன். "உன் டீச்சர்?" என்றார்.

நவம்பர் 8

கோத்தகிரியில் முதல் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ரோடு திறந்துவிட்டார்கள். அண்ணனை அவர் மகன் பர்லியார் வழியாகக் கூட்டி வருகிறான், மேட்டுப்பாளையத்தில் சேர்ந்துகொள்வோம். டீச்சருக்கு மெசேஜ் அனுப்பினேன்: திங்கட்கிழமை வாங்க, ஒரு விஷயம் சொல்லணும்.

கிட்டார் பீரோவுக்குள் இருக்கிறது. பல்பை அணைத்தேனா