லேடாங் மலையில் அக்காவும் நானும்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். சித்திரையில் அப்பாவும் அண்ணனும் மூங்கில் தடியோடு போய் வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறிவிட்டு வருவார்கள். வயதுக்கு வந்த பெண்கள் அங்கே ஏறுவதில்லை என்பது வழக்கம். அவர்கள் திரும்பியதும் தடியை வாங்கி, நைந்துபோன நுனியைத் தடவிப் பார்ப்பேன்.

வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தபோது மலை நினைப்பையே விட்டுவிட்டேன். இங்கே ஆக உயரமான குன்று புக்கிட் தீமா. உச்சியில் ஒரு பாறையில் 163.63 மீட்டர் என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். முதல் வருடம் வீடு, அலுவலகம், ஞாயிறு வந்தால் லிட்டில் இந்தியாவின் தேக்கா என்று ஓடியது. பேச ஆட்கள் இருந்தார்கள், கூட நடக்கத்தான் யாரும் இல்லை.

நான் அக்கா என்று கூப்பிடுபவரை முதலில் பார்த்தது அந்தப் புக்கிட் தீமா படிகளில்தான். ஒரு ஞாயிறு காலை, நான் வேகம் கூட்டவில்லை, அவர் குறைக்கவில்லை, இருவரும் ஒன்றாக மேலே வந்து சேர்ந்தோம். "தண்ணி இருக்காம்மா?" என்று கேட்டு அவருடைய பாட்டிலை நீட்டினார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அதன்பின் ஞாயிறுதோறும் குன்று, வார நாள் இரவுகளில் அவருடைய அடுக்குமாடி புளோக்கின் மாடிப்படி. எட்டு மாதம் கழித்து, "குனோங் லேடாங் போலாமா?" என்றார்.

லேடாங் மலை மலேசியாவின் ஜொகூரில் இருக்கிறது, 1,276 மீட்டர். விடியும் முன்பே உட்லண்ட்ஸ் பாலம் தாண்டினோம். மலையடிவாரத்தில் பெயர் பதிந்து, வழிகாட்டியோடு ஏறத் தொடங்கினோம். முதலில் காடு, வேர், ஈரம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேலே போகப் போகத்தான் பாறையும் கயிறும் ஏணியும்.

அங்கே நடை முடிந்துவிடுகிறது, கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இரண்டு கை, இரண்டு கால், இந்த நான்கில் மூன்று எப்போதும் பாறையைப் பிடித்திருக்க வேண்டும். கயிற்றை நம்பித் தொங்கக் கூடாது. எடை காலில், கயிறு நிதானத்துக்கு மட்டும். ஒரு கயிற்றில் ஒருவர்தான். மேலே போனவர் கயிற்றை விட்டதும் "வா" என்பார். அதுவரை கீழே இருப்பவர் சற்று விலகி நிற்க வேண்டும், கல் உருண்டால் தலையில்தான் விழும். அன்று நாங்கள் பேசியதில் பாதி இந்த "வா"தான்.

அக்கா நெட்டை, நான் குட்டை. ஓர் இடத்தில் அவர் கால் வைத்த பிடி எனக்கு எட்டவில்லை. அவர் கை நீட்டவில்லை, "இங்க வை, அங்க வை" என்றும் சொல்லவில்லை. மேலே உட்கார்ந்து காத்திருந்தார். இடுப்பளவில் ஒரு வெடிப்பு கையில் தட்டுப்பட்டது. கையை நுழைத்து, காலைத் தூக்கி, ஏறிவிட்டேன். அந்தக் காத்திருப்புக்காக அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். துணைக்கு வருபவர் அவசரப்பட்டு உதவினால் பாறை நமக்குப் பழகுவதே இல்லை.

உச்சியில் என் புளிசாதத்தையும் அவருடைய நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றையும் பங்கு போட்டுக்கொண்டோம். வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1854இல் புக்கிட் தீமாவில் வண்டுகள் சேகரித்துவிட்டு, அதே ஆண்டு இந்த மலையும் ஏறினாராம். தாகத்துக்குக் கெண்டிச் செடியின் குடுவையில் இருந்த நீரைக் குடித்தாராம். அக்கா சொல்லிக் கேட்டபோது, நாங்களும் புக்கிட் தீமாவில் தொடங்கித்தானே இங்கே வந்தோம் என்று சந்தோஷமாக இருந்தது.

இறங்கும்போது மழை தூறியது. அக்காவுக்கு முழங்கால் வலி, ஈரப் பாறையைப் பார்த்துத் தயங்கினார். இம்முறை நான் முன்னால் இறங்கினேன். பாறையைப் பார்த்தபடி இறங்குபவருக்குத் தன் கால் தெரியாது. "இடது கால், இன்னும் ஒரு சாண் கீழே. ம், அதுதான்." ஏணிகள் முடியும்வரை அவருக்குக் கண்ணாக இருந்தேன்.

திரும்பும் வழியில், சோதனைச்சாவடி வரிசையில் காத்திருந்தபோது அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "தடி எங்க சாமி?"

"தேவைப்படலப்பா. ரெண்டு கையும் பாறையில இருந்துச்சு."